மஞ்சளாய் நசுங்கியது

பத்து மணிக்குக் கார் வந்துவிடும். வெள்ளிக்கிழமை, இப்போது எட்டுதான் ஆகிறது. அதற்குள் இந்தச் செம்பருத்தியை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று கோகிலவாணி மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிட்டாள். கீழே இருந்து மட்டும் என்ன செய்ய? நங்கையா சேலை மடித்துப் பைக்குள் வைப்பதை வாய் பார்த்துக்கொண்டு நிற்பதா? புருஷனுக்கு அக்கா, பேர் துளசிமணி, அறுபத்து மூன்று வயசு, ரெண்டு வருஷமாக இதே வீட்டில் இதே சோற்றைச் சாப்பிட்டவள், இன்றைக்குப் போகிறாள். போகிறாள் என்ன போகிறாள், நாமேதான் அனுப்பித் தாட்டிவிடுகிறோம். உள்ளதைச் சொல்ல யாருக்குப் பயம்? தாட்டிவிடுகிறோம். மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. காது குடைகிற பஞ்சுக்குச்சி சோப்புத் தண்ணீரில் நனைந்தது, அவ்வளவுதான். கிண்ணத்தில் காதி சோப்பைக் கரைத்து நாலு சொட்டு வேப்பெண்ணெய் விட்டிருந்தாள், அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்றது. குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சியின் மேலே இருக்கிற வெள்ளை கரைந்து உடம்பு தெரியும், பிறகு கட்டைவிரலால் ஒரு நசுக்கு. ஒன்று, ரெண்டு, மூன்று. பதினோரு வருஷமாக இந்த மாடிக்கு ஒரு சொட்டு விஷ மருந்து ஏறியதில்லை. அசுவினிக்குப் புளிச்ச மோர், புழுவுக்கு இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் அரைத்த கரைசல், வெள்ளை ஈக்கு விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் அட்டை. மாடித் தோட்டக்காரர்களின் வாட்சப் குழுவில் யார் சந்தேகம் கேட்டாலும் முதல் பதில் கோகிலா மேடத்துடையதாகத்தான் இருக்கும். அந்தக் கோகிலா மேடத்தின் செம்பருத்தியில் இப்போது கிளைக்குக் கிளை மாவைக் கொட்டின மாதிரி வெள்ளை. வெளியே தெரிந்தால் சிரிக்க மாட்டார்களா?

துளசிமணியின் புருஷன் வீடு இருக்கிற மூலனூருக்கு ரெண்டரை மணி நேரம். பத்துக்குக் கிளம்பினால் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம் என்று கோகிலவாணியின் புருஷன் நாச்சிமுத்து நேற்றே கணக்குப் போட்டுச் சொன்னார். சாப்பாடு யார் போடுவார்கள் அங்கே? அந்த வீட்டில் துளசிமணிக்கு யாரும் இலை போட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. புருஷன் செத்த பதினாறாம் நாளே கொழுந்தன் பெண்டாட்டி சமையல்கட்டைக் காட்டிவிட்டாளாம். ரெண்டு வருஷத்தில் நங்கையா அந்த வீட்டைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு தரம், அதுவும் இந்த மாடியில், கத்தரிக்குக் களை பறித்துக்கொண்டே: "கெணத்தடியில ஒரு கல்லு கெடக்கும் அம்மிணி, அதுல உக்காந்துதான் சாப்பிடுவேன். மழ வந்தா தட்டைத் தூக்கிட்டு ஓடோணும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எதற்குச் சிரித்தாளோ. கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. களையைக் கூடையில் போடுங்க நங்கையா என்றாள். இந்தச் செவ்வாய்க்கிழமை அந்தக் கொழுந்தனுக்கு நாச்சிமுத்து போன் பண்ணினபோது ஸ்பீக்கரில் போட்டார், அவர் எதற்கு ஸ்பீக்கரில் போட வேண்டும், கோகிலவாணியும் கேட்கட்டும் என்றா? "வரட்டுங்க மச்சான். அம்மாவுக்கு எம்பத்தெட்டாச்சு, படுத்த படுக்கைதான். திருப்பிப் போட, தொடச்சு விட ஒரு ஆள் வேணுமுல்ல, நாங்களும் தேடிட்டுத்தான் இருந்தோம்." ஒரு ஆள். அந்தக் கிழவிதான் இருபது வருஷத்துக்கு முன்னால் துளசிமணியின் தலைமுடியைப் பிடித்து வாசலில் தள்ளினவள். இப்போது அவளைத் திருப்பிப் போட வேண்டும், முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட வேண்டும். போன் வைத்ததும் நாச்சிமுத்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், சொம்பு நிறையக் குடித்தார். அவர் சொல்லியிருக்கலாமே? வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாமே? போட மாட்டார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு அதட்டல் போட்டதில்லை. எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

நசுக்கினது ஒன்று மஞ்சளாக வந்தது. விரலைப் பழைய வேட்டித் துணியில் துடைத்தாள். மூன்று நாளாகவே பார்க்கிறாள், சிலது ரோஸாக நசுங்குகிறது, சிலது மஞ்சளாக. மஞ்சளாக வருவது பெரியது, வாலில் நூல் நூலாகத் தொங்கும், நன்றாக முத்திப் போனதாக இருக்கும், முட்டைக்காரியாக இருக்கும், அதைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்று தேடித் தேடி நசுக்கினாள். நேற்று மட்டும் ஐம்பது அறுபது இருக்கும். அவற்றை நசுக்குகிறபோது ஒரு நிம்மதி வருகிறது, சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் வருகிறது. ஒவ்வொன்றும் நங்கையா கொண்டுவந்து விட்டது. ஆமாம், விட்டதுதான், கண்ணால் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட ஏறி வந்தவள் படிக்கட்டுத் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள். துளசிமணி செம்பருத்திக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, கையில் பையன் சின்ன வயசில் படம் வரைந்த பிரஷ். டப்பாவுக்குள் பிரஷை விட்டு வெள்ளை வெள்ளையாக எதையோ ஒட்டி எடுத்து, இலைமேல் வைத்துத் தட்டினாள். மறுபடி எடுத்தாள், மறுபடி தட்டினாள். அந்த வெள்ளை நகர்ந்தது. மாவுப்பூச்சி! எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து விடுகிறாள்! கோகிலவாணிக்கு மேலெல்லாம் எரிந்தது, ஆனால் சத்தம் போடவில்லை, போனை எடுத்து முழுசாக ஒன்றரை நிமிஷம் படம் பிடித்தாள். அந்த ஒன்றரை நிமிஷமும் கை நடுங்காமல் இருந்ததை நினைத்தால் இப்போது என்னமோ போல இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தது. வேப்பெண்ணெய் அடிக்கிற ஸ்பிரேயரைக் காணோம் என்று ஒரு வாரமாகத் தேடினாளே, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்திருந்தது. யார் வைத்தது? செம்பருத்தித் தண்டில் ஒரு பழைய துணியை விளக்கெண்ணெயில் நனைத்துச் சுற்றிக் கட்டியிருந்தது. யார் கட்டினது, எதற்குக் கட்டினது? செடிக்கு யாராவது செய்வினை வைப்பார்களா என்று இப்போது கேட்டால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு அவிழ்த்துப் போடக்கூடப் பயமாக இருந்தது நிஜம்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ஆனதும் போனை நாச்சிமுத்துவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாலயே பாத்துக்குங்க, நாஞ் சொன்னா உங்களுக்கு நெட்டுரு போட்டுட்டு வந்து சொல்ற மாதிரி இருக்கும் என்றாள். அவர் பார்த்தார். துளசிமணியும் எட்டிப் பார்த்தாள், தன்னைத்தானே படத்தில் பார்க்கிறவர்களுக்கு வருகிற ஒரு கூச்சச் சிரிப்புகூட வந்தது முதலில். பிறகு கோகிலவாணி வாய் திறந்தாள். என்ற செடியில சீக்கைக் கொண்டாந்து விடறீங்களே நங்கையா, உங்களுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? குழந்தை இல்லாத வெறி செடிமேலயா? அந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது? அவளே எதிர்பார்க்கவில்லை. யோசித்து வைத்திருந்ததில் அது இல்லை. நாச்சிமுத்து "கோகிலா!" என்றார், அவ்வளவுதான் அவருக்கு வந்தது. துளசிமணி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். "உனக்கு அப்பிடித் தோணுச்சா அம்மிணி" என்றாள். சரி, அப்படித் தோன்றியது தப்பு என்றால் சொல்ல வேண்டியதுதானே? இது இன்னது, இதுக்காக விட்டேன் என்று ரெண்டு வார்த்தை? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள், அவள் தட்டை மட்டும் இல்லை, மூன்று தட்டையும் கழுவிக் கவிழ்த்தாள். காலையில் எழுந்து, "தம்பி, நான் மூலனூருக்கே போய்க்கறேன், போன் பண்ணிச் சொல்லிரு" என்றாள். அவளாகச் சொன்னதுதான். நாம் ஒன்றும் போ என்று சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள், அதை மறந்துவிடக் கூடாது.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் செம்பருத்தியை விட்டு நகர்ந்து தக்காளிப் பைகளுக்குப் போய்விட்டது. நாற்பது பைகள், பையன் ஜெர்மனிக்குப் போன வருஷம் வாங்கிப் போட்டவை. அவன் இருந்த ரூமில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை நாச்சிமுத்துதான் மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்து மண்ணைக் கொட்டிக் கொடுத்தார். அப்போதிருந்து இது அவளுடையது. கீழே எது யாருடையதோ, மேலே அவள் வைத்ததுதான் சட்டம். துளசிமணி வந்த மூன்றாம் மாதமே அது போய்விட்டது. நங்கையா தொட்டால் பாகல் காய்க்கிறது. நங்கையா ஊன்றினால் கருவேப்பிலை பிடிக்கிறது, பதினோரு வருஷத்தில் நாலு தரம் செத்த கருவேப்பிலை. சாயங்காலம் ஆனால் அக்காவும் தம்பியும் இந்தக் கைப்பிடிச் சுவர் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சின்ன வயசுக் கதை பேசிச் சிரிப்பார்கள். மில்லில் இருந்து ரிட்டையர் ஆன மனுஷன், வீட்டுக்குள் பேப்பருக்குப் பின்னாலேயே இருக்கிறவர், அக்காகூட மட்டும் அப்படிச் சிரிக்கிறார். காபி கொண்டுவந்து வைத்தால் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. யாரிடம் சொன்னாலும் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். ஆனால் படி இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் மறுபடி சிரிப்பு ஆரம்பிக்கும், அது ஒவ்வொரு படியிலும் கூடவே வரும். குழுவில் இருக்கிற ஒரு பெண் நேரில் வந்து பார்த்துவிட்டு, உங்க நங்கையாவுக்கு நல்ல கைராசிங்க என்றாள். கோகிலா மேடம் ஆமாங்க என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இதோ இங்கே ஒரு பெரியது. முத்தினது. பஞ்சுக்குச்சியைக் கொண்டுபோனாள், அது ஓடியது. மாவுப்பூச்சி ஓடுமா? ஊரும், அதுவும் நகர்கிறதா இல்லையா என்று தெரியாது. இது காம்பு வழியாகச் சரசரவென்று இறங்கி, முட்டைப் பொதி ஒன்று பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்குள் தலையை விட்டது. அவள் குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சரியாகப் பிடிக்கவில்லை, போனை எடுத்து காமிராவைப் பெரிதாக்கினாள். வெள்ளை நூல்கள் ஆடுகின்றன, அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி உள்ளே போகிறது, வெளியே வருகிறபோது வாயில் ஒரு குட்டிப் பூச்சி, ரோஸ் நிறம், கால்கள் அசைகின்றன. மாவுப்பூச்சி மாவுப்பூச்சியைத் தின்கிறது. அப்படிக் கிடையாதே. தின்று முடித்துத் தோலைத் துப்பியது, அடுத்ததற்குப் போனது. அந்தக் கிளையை முழுசாகப் பார்த்தாள். நுனியில் வெள்ளை, ஆனால் அடியில் அரை முழத்துக்குச் சுத்தம், வெறும் தோல்கள் காய்ந்து ஒட்டியிருக்கின்றன, பக்கத்தில் துளிர்கூட விட்டிருக்கிறது. எண்ணெய்த் துணி கட்டின தண்டில் ஒரு எறும்பு இல்லை. எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல், எதிரி வந்தால் கடித்துத் துரத்தும், எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது என்று குழுவில் அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! அவளேதான் சொன்னாள். ஸ்பிரேயர். வேப்பெண்ணெய் அடித்தால் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும். அதனால்தான் ஒளித்து வைத்தது. வேண்டாம், இருக்காது, அவசரப்பட வேண்டாம் என்று குழுவைத் திறந்து மேலே மேலே தள்ளினாள், காலை வணக்கங்களும் ரோஜாப் படங்களும் அரளிப் படங்களும் போயின, போன மாசத்தில் வந்து நின்றது. ஒருத்தர் ஒரு படம் போட்டிருந்தார், இதே வெள்ளை, இதே நூல். கீழே எழுதியிருந்தது: இது மாவுப்பூச்சி அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டின் புழு. அசப்பில் அதே மாதிரி இருக்கும், தயவுசெய்து நசுக்கிவிடாதீர்கள். அதற்குக் கீழே ஏழு பேர் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள். மூன்றாவது கோகிலா மேடம்.

படிக்காமலே போட்டது. எல்லாவற்றுக்கும் போடுவாள், காலையில் பல் தேய்க்கும்போதே வரிசையாகப் போட்டுக்கொண்டு போவாள். குந்தி உட்கார்ந்துவிட்டாள், சிமெண்டுத் தரை சுட்டது. புதன்கிழமை புதன்கிழமை மருதமலைக்குப் போகிறேன் என்று நங்கையா பஸ் ஏறிப் போவாளே, திரும்பி வரும்போது பையைச் சாய்க்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருவாளே. பிரசாதம் என்று நினைத்தாள். அந்தப் பஸ் விவசாயக் காலேஜ் வழியாகத்தான் போகும். மூலனூரை விட்டு வந்து, இங்கே வருகிற வரைக்கும் பதினெட்டு வருஷம் துளசிமணி சமைத்துப் போட்ட ஹாஸ்டலில் முக்கால்வாசிப் பிள்ளைகள் விவசாயம் படித்தவர்கள். இன்றைக்கும் துளசிக்கா துளசிக்கா என்று போன் பண்ணுகிறார்கள். அதில் ஒருத்தி ஏதாவது பூச்சி ஆராய்ச்சியில் இருப்பாள், டப்பாவில் போட்டுக் கொடுத்திருப்பாள், அக்கா பூப்போல கொண்டுபோங்க என்றிருப்பாள். படத்தை மறுபடி ஓட்டினாள். ஏற்கெனவே வெள்ளை அப்பிக் கிடக்கிற கிளையாகப் பார்த்துப் பார்த்துத்தான் பிரஷைத் தட்டுகிறாள். கெடுக்க நினைக்கிறவள் கெட்ட கிளையிலா கொண்டுபோய் விடுவாள்? ஞாயிற்றுக்கிழமையே இது கண்ணில் படவில்லையே. அப்போது கண் எங்கே இருந்தது? நூறு இருக்குமா? நூறைத் தாண்டியிருக்கும், மூன்று நாளில் அவள் கட்டைவிரல் நசுக்கினது. மஞ்சளாக வந்தபோதே ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஆனால் நங்கையாவும் சொல்லவில்லையே! கேட்டால்தான் சொல்வாளா? இது என்ன ரோஷம், வீட்டை விட்டுப் போகிற அளவுக்கு? ஒரு பொண்ணு ரெண்டு வார்த்தை சொல்ல மாட்டாமல் கிணற்றடிக் கல்லுக்குப் போவாளா? குழந்தை இல்லாத வெறி. அதற்குப் பிறகு எந்தப் பொண்ணுதான் பூச்சியைப் பற்றிப் பேசுவாள்.

ஒன்பதே கால். இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு படி. நங்கையா, தப்புப் பண்ணிட்டேன், நல்ல பூச்சின்னு தெரியாமப் போச்சு. அவ்வளவுதான், நாக்கு ஒன்றும் அறுந்து விழாது. அவள் என்ன சொல்வாள்? போகுது விடு அம்மிணி என்பாள். நிச்சயம் அதைத்தான் சொல்வாள், அதுதான் தாங்க முடியாது. பையிலிருந்து சேலைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்குவாள், மூன்று தட்டையும் கழுவுவாள், சாயங்காலம் ரெண்டு நாற்காலி. நாச்சிமுத்து ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். இனிமேல் கடைசி வரைக்கும் அப்படிப் பார்ப்பார், சாம்பாரில் உப்புக் கூடினாலும் அப்படிப் பார்ப்பார். அவர் தெரிந்துகொள்ளாமல் அவளை மட்டும் நிறுத்த வழி இருக்கிறதா? போகாதீங்க நங்கையா, இருந்துக்குங்க என்று காரணம் சொல்லாமல் சொன்னால்? சொல்லலாம். சொன்னால் அவள் இருந்துவிடுவாள். இருந்துவிடுவாள் என்றதுமே எழப் பார்த்தவளைத் தரையோடு பிடித்து வைத்தது எது? பயமா? பயம் இல்லை. நாலு நாளாக இந்த வீட்டில் ஒரு விடுதலை இருந்தது. அவள் போகப் போகிறாள் என்ற நினைப்பிலேயே தூக்கம் நன்றாக வந்தது, அடுப்படி பெரிசாகத் தெரிந்தது. பூச்சிக்காகவா இதெல்லாம்? பூச்சி இல்லாவிட்டால் வேறொன்று அகப்பட்டிருக்கும். தேடிக்கொண்டுதானே இருந்தாள், ரெண்டு வருஷமாகத் தேடிக்கொண்டுதானே இருந்தாள். அடிப்பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டாள், வாய்விட்டே சொன்னாள், பக்கத்து மாடியில் துணி உதறினவள் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு நாச்சிமுத்துவுக்கு ஒன்று ஆனால்? நெஞ்சுவலி என்று ரெண்டு தரம் படுத்த மனுஷன். பையன் ஜெர்மனியில். வரப்போகிற மருமகள் எப்படியோ. மருமகள் வீட்டில் கோகிலவாணி எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவாள், இவள் தொட்ட செடி பிடித்தால் மருமகளுக்குப் பொறுக்குமா? இதை நினைத்தாவது எழுந்து போடி, போய்ச் சொல்லுடி என்று கால்களைப் பார்த்துச் சொன்னாள். கால் எழவில்லை. ஒன்பதரை. ஒன்பதே முக்கால். அந்தப் புழு அடுத்த பொதிக்குப் போய்விட்டிருந்தது, அதன் வேலையை அது பார்க்கிறது. அதை மட்டும் நசுக்காமல் விட்டாள், அதற்கு என்ன பிரயோஜனம், ஒன்றே ஒன்று.

வாசலில் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிட்டாள். சொல்லிவிடுகிறேன், இதோ சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் இறங்கினாள், சுவரைப் பிடித்துப் பிடித்து. கீழே ரெண்டு பையும் ஒரு சாக்கும் டிக்கியில் ஏறியிருந்தன. நாச்சிமுத்து சட்டை மாற்றி நின்றார், முகம் சவரம் பண்ணாமல் கறுத்துப்போயிருந்தது. துளசிமணி பச்சைச் சேலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு. அந்தச் செம்பருத்திக்கு எண்ணெய் கிண்ணெய் எதும் அடிச்சராத. பதினஞ்சு நாளைக்குச் சும்மா விட்டுரு. தானாச் சரியாயிரும்."

"அக்கா, இன்னுமா அதையே பேசிட்டு இருக்கற? விடு" என்றார் நாச்சிமுத்து.

"இல்ல தம்பி. நல்ல செடி. போயிறக் கூடாதுல்ல."

கோகிலவாணி தலையை ஆட்டினாள். போய்ட்டு வர்றேன் என்று துளசிமணி அவள் கையைப் பிடித்தாள், பிடித்தவள் விடவில்லை. கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது, விரல் ரேகையில் மஞ்சள், அதில் ஒரு வெள்ளை நூல். எத்தனை நேரம் பார்த்தாளோ. அவளுக்குப் புரிந்துவிட்டது, எத்தனை போயிருக்கும் என்றுகூடப் புரிந்துவிட்டது, கண் நிறைந்து வந்ததில் தெரிந்தது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். ஏதாவது கேட்டுவிட மாட்டாளா, திட்டிவிட மாட்டாளா என்று கோகிலவாணிக்குத் தவிப்பாக இருந்தது. துளசிமணி கார்க் கதவில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முந்தானை நுனியை நனைத்து அந்த விரலைத் துடைத்தாள். நகக்கண் வரைக்கும் விட்டு அழுத்தித் துடைத்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுச் சாப்பிடு" என்றாள். குனிந்து காருக்குள் ஏறிக்கொண்டாள்.

நாச்சிமுத்து ஏறவில்லை. டிக்கிக் கதவு திறந்தபடியே இருந்தது, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவள் முகத்தை அவர் அப்படித் தேடிப் பார்த்ததில்லை.

"கோகிலா, நீ என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு."

ஒரு வார்த்தை போதும் அவருக்கு. இருக்கட்டுங்க என்று சொன்னால்கூடப் போதும், மறுவார்த்தை கேட்காமல் பைகளை அவரே இறக்கிவிடுவார், அதற்காகத்தான் கதவைச் சாத்தாமல் நிற்கிறார். வாய் திறந்துவிட்டது. காருக்குள் துளசிமணி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துருமுங்க" என்றாள் கோகிலவாணி. "சீக்கிரம் கெளம்புங்க."

அவர் டிக்கியைச் சாத்தினார்.